குரல் ஆப்புக்குக் காப்புரிமை நோட்டீஸ் வந்தால்: வடசென்னைச் சின்ன கம்பெனிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை. கல்லாவில் இருப்பவர் துணியை மடித்தபடியே "ரவிக்கை பிட்டு ரெண்டு, லைனிங் ஒண்ணேகால் மீட்டர், கறுப்புப் பாவாடை ஒண்ணு" என்கிறார். போன் அதைக் கேட்டு பில் போடுகிறது. தண்டையார்பேட்டையில் ரெண்டு மூணு பேர் சேர்ந்து இப்படி ஓர் ஆப் செய்து ஐம்பது கடைக்கு விற்றிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ் வருகிறது. பேச்சை எழுத்தாக்கும் தொழில்நுட்பத்தில் எங்கள் கட்சிக்காரருக்குக் காப்புரிமை (பேட்டன்ட்) இருக்கிறது, 15 நாளில் விற்பனையை நிறுத்தி நஷ்டஈடு கொடுங்கள், இல்லையென்றால் வழக்கு.

இந்த இடத்தில் பலர் பயந்து கடையைக் கட்டுகிறார்கள், சிலர் "இதெல்லாம் சும்மா மிரட்டல்" என்று கிழித்துப் போடுகிறார்கள். ரெண்டும் வேண்டாம். பேச்சை எழுத்தாக்கும் தொழில்நுட்பம் மொத்தத்துக்கும் உலகத்தில் யாரிடமும் காப்புரிமை கிடையாது. இருப்பதெல்லாம் குறிப்பிட்ட ஒரு வழிமுறைக்கு, குறிப்பிட்ட சொற்களில் எழுதப்பட்ட உரிமை. ஆகவே நோட்டீஸில் எழுதியிருப்பதைப் பார்த்துக் கவலைப்படுவதற்கு முன்னால் அந்தக் காப்புரிமையில் எழுதியிருப்பதைப் பார்க்க வேண்டும். கீழே வருவது அதைப் பார்க்கும் வரிசை.

1. உறையோடு எடுத்து வையுங்கள், வாயை மூடிக்கொள்ளுங்கள்

தபால் உறை, அதிலுள்ள முத்திரைத் தேதி, மின்னஞ்சல் என்றால் அதன் முழுத் தலைப்பு, எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். இந்தத் தேதிக்குச் சட்டத்தில் மதிப்புண்டு. மீறல் நடந்தபோது அப்படி ஒரு காப்புரிமை இருப்பது தனக்குத் தெரியாது, தெரிந்திருக்க நியாயமும் இல்லை என்று மீறியதாகச் சொல்லப்படுபவர், இங்கே நீங்கள், நிரூபித்தால், காப்புரிமைச் சட்டம் 1970-இன் 111-ஆம் பிரிவின்படி அந்தக் காலத்துக்கு நஷ்டஈடு கேட்க முடியாது. நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு "தெரியாது" என்று சொல்ல வழியில்லை.

அடுத்து, கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் இதைப் பற்றி யாரும் கருத்துச் சொல்லக் கூடாது. "மச்சி, நாம அவங்க ஆப்பப் பாத்துதான அந்த ஸ்கிரீன் பண்ணோம்" என்று ஒருவர் விளையாட்டாகப் போடும் ஒற்றை வரி பிறகு கோர்ட்டில் வாசிக்கப்படும். ஆப்பின் பழைய கோடு (நிரல்) எதையும் அழிக்கவும் கூடாது. எந்தத் தேதியில் எந்தப் பதிப்பு வெளியானது என்பதைக் காட்டும் கிட் பதிவுகள்தான் உங்கள் முக்கியமான சாட்சி. அவற்றின் பிரதியைத் தனியாக எடுத்து, கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்புடன் வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணு ஆவணத்தைத் தாக்கல் செய்ய ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் ஹாஷ் மதிப்பையும் கேட்பார்கள்.

நோட்டீஸில் இருக்கும் 15 நாள் கெடு அனுப்பியவர் வைத்தது, சட்டம் வைத்ததல்ல. அதற்காகப் பதிலே போடாமலும் இருக்காதீர்கள். வக்கீல் மூலமாக நாலு வரி போதும்: நோட்டீஸ் கிடைத்தது, பரிசீலிக்கிறோம், எந்தக் காப்புரிமை எண், அதில் எத்தனையாவது கிளெய்ம் (உரிமை கோரும் வாசகம்), எங்கள் ஆப்பின் எந்தப் பகுதி அதில் அடங்குகிறது என்று தெரிவியுங்கள். வெறும் மிரட்டலோடு வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த மூன்றாவது கேள்வியில் தடுமாறுவார்கள்.

2. எண்ணை வைத்து ஜாதகம் பாருங்கள்

இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இணையத் தேடல் வசதிக்கு இன்பாஸ் என்று பெயர். காசு கேட்காது. எண்ணைப் போட்டால் விண்ணப்பம், பரிசோதனை அறிக்கை, விண்ணப்பதாரர் எழுதிய பதில்கள், புதுப்பித்தல் நிலவரம் எல்லாம் வரும். பார்க்க வேண்டியவை:

எந்த நாட்டுக் காப்புரிமை? அமெரிக்கக் காப்புரிமை எண்ணை வைத்துக்கொண்டு தண்டையார்பேட்டையில் விற்பதை நிறுத்தச் சொல்ல முடியாது. காப்புரிமை வாங்கிய நாட்டின் எல்லையோடு அது நின்றுவிடும். ஆனால் உங்கள் ஆப்பை நியூ ஜெர்சியிலுள்ள தமிழர்களும் காசு கொடுத்துப் பயன்படுத்துகிறார்கள் என்றால் அந்தக் கணக்கு வேறு.

கொடுக்கப்பட்டதா, விண்ணப்பம் மட்டும்தானா? விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதம் கழித்து இதழில் வெளியாகும். வெளியாவது வேறு, வழங்கப்படுவது வேறு. வழங்கப்படும்வரை வழக்குப் போட முடியாது.

உயிரோடு இருக்கிறதா? ஆயுள், விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டு. நடுவில் ஆண்டுக் கட்டணம் கட்டாவிட்டால் காலாவதியாகிவிடும். 18 மாதத்துக்குள் மனுப் போட்டு மீட்கலாம் என்பதால் காலாவதி என்று பார்த்தவுடனே கொண்டாட வேண்டாம்.

நோட்டீஸ் அனுப்பியவர்தான் சொந்தக்காரரா? இந்தத் துறையில் காப்புரிமைகள் கை மாறிக்கொண்டே இருக்கும். ஆப்பிளின் சிரி என்ற குரல் உதவியாளர் மீது வழக்கான ஒரு காப்புரிமை அமெரிக்காவின் ரென்ஸிலர் பாலிடெக்னிக் கல்லூரியுடையது. வழக்கை நடத்தியதோ அதனிடம் உரிமம் வாங்கிய வேறொரு கம்பெனி. 2016-இல் ஆப்பிள் 2.49 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. உரிமையாளர் அல்லது முழு உரிமம் பெற்றவர் தவிர வேறு யாரும் பொதுவாக இங்கே வழக்குப் போட முடியாது.

3. கிளெய்மைப் பிரித்துப் படியுங்கள்

மொத்த வேலையில் முக்கால்வாசி இங்கேதான். இதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

வீட்டுப் பத்திரத்தில் பத்துப் பக்கம் வரலாறு இருந்தாலும் கடைசியில் வரும் சொத்து விவரத்தில் எழுதியிருக்கும் நாலு எல்லைதானே கணக்கு? காப்புரிமையிலும் அப்படித்தான். முன்னால் வரும் விவரணையும் படங்களும் விளக்கம். கடைசியில் எண் போட்டு வரும் கிளெய்ம்கள்தான் எல்லை. தலைப்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள். "குரல் மூலம் தகவல் உள்ளிடும் அமைப்பும் முறையும்" என்று உலகையே வளைத்துத் தலைப்பு வைத்திருப்பார்கள்.

கிளெய்ம்களில் தனித்து நிற்பவை உண்டு, "கிளெய்ம் 1-இல் சொன்ன முறையில்..." என்று இன்னொன்றைச் சார்ந்து வருபவை உண்டு. தனித்து நிற்பவற்றை முதலில் எடுங்கள். அதில் நீங்கள் விழவில்லை என்றால் அதைச் சார்ந்தவற்றிலும் விழமாட்டீர்கள்.

பயிற்சிக்காக ஒரு கிளெய்ம், நானே எழுதியது:

"கையடக்கக் கருவியின் மைக்கில் பயனரின் பேச்சைப் பெறுதல்; அந்த ஒலியை வலைப்பின்னல் வழியாக ஒரு சர்வருக்கு அனுப்புதல்; பயனர் அப்போது எந்தச் செயலியைத் திறந்துள்ளார் என்பதைப் பொறுத்துப் பல மொழி மாதிரிகளில் ஒன்றைச் சர்வர் தேர்ந்தெடுத்தல்; தேர்ந்தெடுத்த மாதிரியால் பேச்சை எழுத்தாக்குதல்; அந்த எழுத்தைச் செயலியின் உள்ளீட்டுப் பெட்டியில் நிரப்புதல் ஆகியவற்றை உள்ளடக்கிய முறை."

ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். இடப்பக்கம் கிளெய்மின் ஒவ்வொரு உறுப்பு, நடுவில் நம் ஆப் என்ன செய்கிறது, வலப்பக்கம் அதற்கு ஆதாரமாக எந்தக் கோப்பு, எந்தப் பதிப்பு.

மைக்கில் பேச்சைப் பெறுதல்: ஆம், செய்கிறோம். சர்வருக்கு அனுப்புதல்: இல்லை. தீபாவளி நேரத்தில் எம்.சி. ரோட்டு நெரிசலில் நெட்டை நம்ப முடியாது என்று எல்லாவற்றையும் போனுக்குள்ளேயே செய்கிறோம். பல மாதிரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தல்: இல்லை. கடைச் சரக்குப் பெயர்களை ஏற்றிய ஒரே மாதிரிதான். எழுத்தாக்குதல்: ஆம். பெட்டியில் நிரப்புதல்: ஆம்.

ஐந்தில் மூன்று பொருந்துகிறது, இரண்டு பொருந்தவில்லை. மீறல் என்று சொல்ல ஐந்தும் இருக்க வேண்டும். "அறுபது சதவீதம் மீறியிருக்கிறோமோ" என்று ஒரு கணக்கு கிடையாது.

அப்படியென்றால் தப்பித்துவிட்டோமா? மூன்று இடங்களில் தடுக்கி விழ வாய்ப்பு உண்டு. முதலாவது, அந்தக் கடைசி வார்த்தையான "உள்ளடக்கிய". ஐந்தையும் செய்துவிட்டு ஆறாவதாக ஜி.எஸ்.டி. கணக்கையும் சேர்த்திருக்கிறோம் என்பது பதிலாகாது. கூட்டினால் விடுதலை இல்லை, குறைந்தால்தான் விடுதலை. இரண்டாவது, வெளிப்பார்வைக்கு மாற்றி உள்ளே அதே காரியத்தை அதே விதத்தில் செய்தால், எழுத்துப்படி பொருந்தாவிட்டாலும் சாரத்தில் ஒன்றுதான் என்று கோர்ட் சொல்ல இடமுண்டு.

மூன்றாவதுதான் புரோகிராமர்கள் கோட்டை விடும் இடம். இன்றைய பதிப்பு போனுக்குள் ஓடுகிறது, சரி. இரண்டு வருடத்துக்கு முன்னால் விற்ற முதல் பதிப்பு? அது ஏதாவது மேகச் சேவைக்கு (கிளவுட்) ஒலியை அனுப்பியதா? நஷ்டஈட்டுக்குக் காலவரையறை 3 ஆண்டு, ஆகவே அந்தப் பதிப்பும் கணக்கில் வரும். இரவு பன்னிரண்டு மணிக்கு அன்றைய ஒலிப்பதிவுகளைச் சர்வருக்கு ஏற்றி, பயிற்சிக்காக அங்கே மறுபடி எழுத்தாக்குகிறீர்களா? அப்படியென்றால் "இல்லை" என்று எழுதிய இரண்டாவது வரியைத் திரும்பப் பாருங்கள். இந்த அட்டவணையை ஆப்பை எழுதியவரே நிரப்ப வேண்டும். விற்பனை பார்ப்பவர் நிரப்பினால் எல்லா வரியிலும் "இல்லை" என்றுதான் இருக்கும்.

சொற்களுக்கு என்ன பொருள் என்பதில் சண்டை வரும். "மொழி மாதிரி" என்றால் என்ன என்று விவரணைப் பகுதியில் தேடுங்கள். அதோடு இன்பாஸில் இருக்கும் பரிசோதனைப் பதில்களையும் படியுங்கள். காப்புரிமை வாங்குவதற்காக, "எங்கள் முறையில் தேர்வைச் சர்வர்தான் செய்கிறது, அதனால் பழைய முறைகளிலிருந்து வேறுபட்டது" என்று அன்றைக்கு எழுதிக் கொடுத்திருந்தால், இன்றைக்கு வந்து "போனிலேயே செய்வதும் எங்களுடையதுதான்" என்று நீட்டி முழக்குவது கடினம். இலவசமாகக் கிடைக்கும் இந்தத் தாள்களைப் பலர் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

கடைக்காரர்களையும் மறக்காதீர்கள். 48-ஆம் பிரிவில் தயாரிப்பதும் விற்பதும் மட்டுமல்ல, பயன்படுத்துவதும் உரிமையாளரின் தனி உரிமை. உங்கள் வாடிக்கையாளர்களுக்கே நேராக நோட்டீஸ் போய், அவர்கள் "தம்பி, இந்த வம்பே வேணாம்பா, எடுத்துட்டுப் போயிடு" என்று சொல்லும் நிலைமை வரலாம். அதற்கான மருந்து 6-ஆவது படியில்.

4. அதற்கு முன்னாலேயே இருந்ததா?

காப்புரிமையின் முன்னுரிமைத் தேதிக்கு (பொதுவாக முதன்முதலில் விண்ணப்பித்த தேதி) முன்பே அதே விஷயம் எங்கேனும் வெளியாகியிருந்தால் அந்தக் கிளெய்ம் நிற்காது. குரலறிதல் துறைக்கு 70 வருடத்துக்கு மேல் வயது என்பது இங்கே பெரிய வரம். பெல் ஆய்வகத்தின் ஆட்ரி 1952-இலேயே எண்களைக் கேட்டுப் புரிந்துகொண்டது. ஐ.பி.எம்.மின் ஷூபாக்ஸ் 1962-இல் 16 சொற்களை அறிந்தது.

நம் ஊர்த் தொடர்பும் உண்டு. ராஜ் ரெட்டி கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் படித்து 1958-இல் வெளியே வந்தவர். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலையில் அவருடைய குழுவில்தான் 1975-இல் ஜேம்ஸ் பேக்கரின் டிராகன் அமைப்பும், 1976-இல் 1,011 சொற்களை அறியும் ஹார்ப்பியும் வந்தன. 1994-இல் ரெட்டிக்குக் கணினித் துறையின் டூரிங் விருது கிடைத்தது. இன்றைக்கும் நம் ஆப்புகளுக்குள் ஓடும், நல்ல ஊகங்கள் சிலவற்றை மட்டும் பின்தொடரும் பீம் தேடலுக்கு ஹார்ப்பிதான் மூதாதை. அந்த பேக்கரும் அவர் மனைவி ஜேனட்டும் தொடங்கிய டிராகன் சிஸ்டம்ஸ் 2000-இல் லெர்னவுட் & ஹவுஸ்பி என்ற பெல்ஜிய கம்பெனிக்குப் போனது. அது திவாலானதும் சொத்து ஸ்கேன்சாஃப்ட்டிடம் வந்தது. ஸ்கேன்சாஃப்ட் 2005-இல் நுவான்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. நுவான்ஸை 2022-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது. காப்புரிமைக் கட்டுகளும் இப்படித்தான் கை மாறி வருகின்றன.

தேட வேண்டிய இடங்கள்: பேச்சுத் தொடர்பு ஆய்வுச் சங்கமான இஸ்காவின் ஆவணக் காப்பகம் திறந்தே கிடக்கிறது, அதன் மாநாடான இன்டர்ஸ்பீச்சின் கட்டுரைகள் அதில்தான். 2018 இன்டர்ஸ்பீச் ஹைதராபாத்தில் நடந்தபோது தமிழ், தெலுங்கு, குஜராத்திக் குரலறிதலுக்கென்று தனிப் போட்டியே வைத்தார்கள், அதன் கட்டுரைகள் இந்திய மொழி ஆப்புகளுக்குத் தங்கச் சுரங்கம். ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் ஆர்க்கைவ் தளத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் தேதி இருக்கும். குரலறிதல் மென்பொருள்களான கார்னகி மெலனின் ஸ்ஃபிங்க்ஸ் 2000-இலும் கால்டி 2011-இலும் திறந்த மூலமாக வெளியே வந்தவை, ஆகவே அவற்றின் பழைய கோடும் ஆதாரம்தான். எதை எடுத்தாலும் கேட்க வேண்டிய கேள்வி: இந்தத் தேதியில் பொதுமக்கள் இதைப் பார்த்திருக்க முடியுமா?

ஒரே ஆவணத்தில் கிளெய்மின் எல்லா உறுப்பும் இருந்தால் புதுமை போயிற்று. ரெண்டு மூன்று ஆவணங்களைச் சேர்த்தால்தான் வருகிறது என்றால், துறை தெரிந்த ஒருவர் அவற்றைச் சேர்த்திருப்பார் என்று காட்ட வேண்டும், அது கொஞ்சம் கடினமான பாதை.

இதிலேயே ஒரு குறுக்கு வழியும் உண்டு, 1913-இல் ஜில்லெட் சவரக்கத்தி வழக்கில் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை ஏற்றது. நான் செய்வது காப்புரிமைத் தேதிக்கு முன்பே வெளியான பழைய முறை. என்னைப் பிடிக்கும் அளவுக்குக் கிளெய்ம் அகலமானது என்றால் அது பழையதையும் பிடிக்கும், ஆகவே செல்லாது. பழையதைப் பிடிக்காத அளவுக்குக் குறுகியது என்றால் என்னையும் பிடிக்காது. பேச்சை நிகழ்தகவால் அறியும் பழைய மறைநிலை மார்க்கோவ் முறைக்கு 1989-இல் ராபினர் எழுதிய பாடத்தை அப்படியே பின்பற்றி ஆப் செய்தவருக்கு இதைவிடக் கெட்டியான கவசம் இல்லை. நியூரல் மாதிரிகளுக்கு மாறியவர்களுக்கு இவ்வளவு நிம்மதி கிடையாது. அந்தப் பக்கக் காப்புரிமைகள் பல இன்னும் இளமையாகவே இருக்கின்றன.

5. பிரிவு 3(கே), அளவோடு நம்புங்கள்

கணித முறை, வணிக முறை, தன்னளவிலான கணினி நிரல், அல்காரிதம் இவற்றுக்கு இந்தியாவில் காப்புரிமை இல்லை. இதைக் கேட்டவுடன் "அப்ப சாஃப்ட்வேருக்குப் பேட்டன்ட்டே கிடையாதே" என்று தெம்பாகிவிடுபவர்கள் அதிகம். அந்தத் "தன்னளவிலான" என்ற சொல்தான் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. தொழில்நுட்ப விளைவு இருந்தால் கிடைக்கலாம் என்று ஃபெரித் அல்லானி வழக்கில் 2019-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. பேச்சின் நிகழ்தகவைக் கணக்கிடும் வெறும் சூத்திரம் தள்ளுபடியாகும். இரண்டு மைக்குகளை வைத்துக் கடைச் சத்தத்தைப் பிரித்தெடுக்கும் ஏற்பாடு வேறு மாதிரி பார்க்கப்படும். வாதங்களில் இதையும் ஒன்றாக வையுங்கள், இதையே முதல் தூணாக நம்பாதீர்கள்.

இதே நேரத்தில் உங்கள் ஆப்புக்குள் இருக்கும் இரவல் சரக்கையும் ஒரு பார்வை பாருங்கள். கால்டி அப்பாச்சி 2.0 உரிமத்தில் வருகிறது. அதில் கோடு கொடுத்தவர்கள் தங்கள் காப்புரிமையையும் சேர்த்தே அனுமதிக்கிறார்கள். அதே கோடு காப்புரிமையை மீறுகிறது என்று நீங்கள் வழக்குப் போட்டால் அந்த அனுமதி போய்விடும். 2022-இல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட விஸ்பர் எம்.ஐ.டி. உரிமத்தில் வருகிறது. அந்த உரிமத்தில் காப்புரிமை என்ற சொல்லே இல்லை. எந்த உரிமமானாலும் கோடு கொடுக்காத மூன்றாம் ஆளின் காப்புரிமையிலிருந்து அது காப்பாற்றாது. மேகச் சேவையைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள் என்றால் ஒப்பந்தத்தில் இழப்பீட்டு ஷரத்து இருக்கிறதா என்று பாருங்கள். அவர்கள் சேவையால் வந்த வழக்கை அவர்களே ஏற்பார்கள் என்று எழுதியிருந்தால் உடனே அவர்களுக்குத் தகவல் கொடுக்க வேண்டும், தாமதித்தால் அந்தச் சலுகை கைநழுவும்.

6. எந்தக் கதவைத் தட்டுவது

இப்போது கையில் அட்டவணை இருக்கிறது, பழைய ஆவணங்கள் இருக்கின்றன. இனி ஆளைப் பார்க்கலாம். காப்புரிமை முகவர் வேறு, வக்கீல் வேறு. முகவர் காப்புரிமை அலுவலகத்தில் வாதாடலாம், கோர்ட்டில் முடியாது. வழக்கு வாசனை அடித்தால் இரண்டும் தெரிந்தவரைத் தேடுங்கள். நம் பகுதிக்காரர்களுக்கு ஒரு வசதி: வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ நீலத் தடத்தில் ஏறினால் ஹைகோர்ட்டும் அதே தடம், காப்புரிமை அலுவலகம் இருக்கும் கிண்டியும் அதே தடம்.

வழிகள் இவை. விண்ணப்பம் வெளியாகி இன்னும் வழங்கப்படவில்லை என்றால், பிரிவு 25(1)-இன் கீழ் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். வழங்கப்பட்டு, அந்த அறிவிப்பு வெளியாகி ஓராண்டு ஆகவில்லை என்றால், சம்பந்தப்பட்டவர் 25(2)-இன் கீழ் எதிர்க்கலாம். ஓராண்டு தாண்டினாலும் தாண்டாவிட்டாலும் 64-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போடலாம். முன்பு இந்த ரத்து மனுக்களை ஐபிஏபி என்ற அறிவுசார் சொத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் பார்த்தது. இரட்டை சிம் போனுக்கு 2008-இல் மதுரைக்காரர் ஒருவர் வாங்கிய காப்புரிமையை, பெரிய போன் கம்பெனிகளே கலங்கிய பிறகு, 2012-இல் ரத்து செய்தது அந்தத் தீர்ப்பாயம்தான். 2021-இல் அது கலைக்கப்பட்டதால் இப்போது உயர் நீதிமன்றம். சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கென்றே அறிவுசார் சொத்துப் பிரிவு 2023 முதல் இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கையைக் கோடு போட்டுப் படியுங்கள். எல்லாக் கதவையும் ஒரே நேரத்தில் தட்ட முடியாது. அலாய்ஸ் வோபன் வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: வழங்கிய பிறகான எதிர்ப்பு மனு போட்டவர் அதற்குப் பிறகு ரத்து மனுவும் போட முடியாது, எதிர்வழக்கும் போட முடியாது. ரத்து மனு, எதிர்வழக்கு இரண்டில் எது முந்தியதோ அதுதான். அவசரப்பட்டு மலிவான கதவைத் தட்டி, பிறகு பெரிய கதவு மூடியிருக்கக் கண்டவர்கள் உண்டு. வழக்கே வந்தபின் எதிர்வாதத்தில் செல்லாது என்று சொல்லும் உரிமையை 107-ஆம் பிரிவு தருகிறது.

இனி அந்த மருந்து. ஆதாரமில்லாமல் மிரட்டினால், அதுவும் உங்கள் வாடிக்கையாளர்களையே மிரட்டினால், 106-ஆம் பிரிவின் கீழ் நீங்களே முந்திக்கொண்டு வழக்குப் போடலாம். மிரட்டலை நிறுத்தும் தடையுத்தரவும் நஷ்டஈடும் கேட்கலாம். மீறல் நடந்தது என்று நிரூபிக்கும் சுமை மிரட்டியவர் மேல் விழும். "எங்களிடம் இன்ன எண்ணில் காப்புரிமை இருக்கிறது" என்று வெறுமனே தெரிவித்தால் மட்டும் அது மிரட்டல் ஆகாது. ஆகவே வாசகங்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். 105-ஆம் பிரிவு இன்னொரு வகை: முழு விவரத்தையும் எழுதிக் கொடுத்து "நாங்கள் மீறவில்லை என்று ஒப்புக்கொள்ளுங்கள்" என்று முதலில் கேட்டு, மறுத்தால் கோர்ட்டில் அப்படி அறிவிக்கச் சொல்லலாம். அந்த வழக்கில் காப்புரிமை செல்லுமா என்பதைக் கிளற முடியாது, செலவும் பெரும்பாலும் நம் தலையில்தான்.

7. கோர்ட்டுக்குப் போனால்

நோட்டீஸ் வந்த வாரமே கேவியட் போடுவதைப் பற்றி வக்கீலிடம் பேசுங்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 148ஏ பிரிவுப்படி அது 90 நாள் நிற்கும். உங்களைக் கேட்காமல் இடைக்காலத் தடை கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் சின்னச் செலவு அது. சின்ன கம்பெனிக்கு உயிர்ச்சேதம் இறுதித் தீர்ப்பில் இல்லை, இடைக்காலத் தடையில்தான்.

வழக்கு வந்துவிட்டால் எதிர்வாதம் தாக்கல் செய்ய 30 நாள். கோர்ட் அனுமதித்தால் அதிகபட்சம் 120. வணிக நீதிமன்ற வழக்குகளில் 121-ஆவது நாள் கெஞ்சினாலும் நடக்காது. மீறலைப் பற்றிய வழக்கை மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். ஆனால் காப்புரிமையை ரத்து செய்யச் சொல்லி நீங்கள் எதிர்வழக்குப் போட்டால் 104-ஆம் பிரிவுப்படி முழு வழக்கும் உயர் நீதிமன்றத்துக்கு மாறும்.

காப்புரிமை ஒன்று வழங்கப்பட்டுவிட்டதாலேயே அது செல்லும் என்று அர்த்தமில்லை. 13(4) பிரிவு அதைச் சொல்கிறது, 1978-இல் பிஸ்வநாத் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. இடைக்கட்டத்தில் அதன் செல்லுபடியாகும் தன்மையிலேயே நம்பத்தக்க சந்தேகத்தை எழுப்பிவிட்டால் தடையைத் தவிர்க்க நல்ல வாய்ப்பு. 4-ஆவது படியில் தேடிய பழைய கட்டுரை உதவப்போவது இங்கேதான்.

காலக்கணக்கு தெரிய நம் ஹைகோர்ட்டிலேயே நடந்த டி.வி.எஸ்-பஜாஜ் வழக்கு போதும். இரட்டை ஸ்பார்க் பிளக் சமாச்சாரம். 2007-இல் 106-ஆம் பிரிவைப் பிடித்து டி.வி.எஸ் முதலில் வந்தது, பஜாஜ் எதிர்த்து வழக்குப் போட்டது. 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி தடை போட்டார், 2009 மே மாதம் டிவிஷன் பெஞ்ச் தடையை நீக்கியது. அந்த செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட வழக்குகளைத் தினசரி விசாரித்துச் சாதாரணமாக நாலு மாதத்தில் முடியுங்கள் என்றது. கடைசியில் இரண்டு கம்பெனியும் 2019-இல் சமரசம் செய்துகொண்டன. குரல் துறையிலும் இதே கதைதான். சீனாவில் ஷியாவோஐ என்ற ஷாங்காய் கம்பெனி சிரி மீது 2012-இல் போட்ட வழக்கில், அதன் காப்புரிமை செல்லும் என்று உச்ச மக்கள் நீதிமன்றம் சொல்லவே 2020 ஆகிவிட்டது.

8. பணம்

அமெரிக்க ஜூரிகளின் தொகைகளைப் பார்த்து மிரள வேண்டாம். அலெக்சா என்ற குரல் உதவியாளருக்காக அமேசான் 4.67 கோடி டாலர் தரவேண்டும் என்று 2023-இலும், அதேபோன்ற கோர்ட்டானாவுக்காக மைக்ரோசாஃப்ட் 24.2 கோடி டாலர் என்று 2024-இலும் டெலவேர் ஜூரிகள் சொன்னார்கள். அதெல்லாம் அந்த ஊர் விற்பனைக்கு ஏற்ற தொகை. ஐம்பது கடைக்கு விற்றவரிடம் கேட்கக்கூடியது அந்த ஐம்பது கடைக் கணக்கைச் சார்ந்தது.

சின்ன ஆள் பார்க்க வேண்டிய வழக்கு விலிங்கோ. போனில் குரல் சேவை செய்த சிறிய கம்பெனி. 2008-இல் நுவான்ஸ் வழக்குப் போட்டது. 2011-இல் ஜூரி, விலிங்கோ மீறவில்லை என்றது. அந்த ஒரு வழக்குக்கு மட்டும் செலவு சுமார் 30 லட்சம் டாலர். அதே ஆண்டு டிசம்பரில் விலிங்கோ தன்னை நுவான்ஸிடமே விற்க ஒப்புக்கொண்டது. ஜெயித்தவர் கடையை மூடினார், தோற்றவர் வாங்கினார்.

ஆகவே சமரசத்தைத் தோல்வியாக நினைக்காதீர்கள், ஆனால் அட்டவணை கையில் இல்லாமல் சமரசம் பேசவும் உட்காராதீர்கள். கிளெய்மின் ஓர் உறுப்பை மட்டும் ஆப்பிலிருந்து எடுத்துவிட்டால் பிரச்சினை தீரும் என்றால், அதுதான் மலிவு. இரவு நேரத்தில் சர்வருக்கு ஏற்றுவதை நிறுத்துவது ஒரு வார வேலையாக இருக்கலாம். அதற்குப் பிறகு பேச்சு "பழைய விற்பனைக்கு எவ்வளவு" என்று சுருங்கும். உரிமத் தொகை என்றால் கடைக்கு இவ்வளவு என்று போடுங்கள், மொத்த வருமானத்தில் சதவீதம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவசரத் தடை கேட்காத வணிக வழக்குகளுக்கு, வழக்குக்கு முன்பே மத்தியஸ்தம் கட்டாயம். அந்த மேசையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். கையெழுத்துப் போடும் தாளில் "மீறியதாக ஒப்புக்கொள்கிறோம்" என்ற வரி மட்டும் இருக்கக் கூடாது.

9. நோட்டீஸ் வராதவர்களுக்கு

ஆப் செய்துகொண்டிருக்கிறீர்கள், இன்னும் யாரும் கடிதம் போடவில்லை என்றால் மூன்று வேலை உண்டு. உங்கள் முறையில் காப்புரிமை வாங்கும் எண்ணம் இல்லாத பகுதிகளைத் தேதியோடு பொதுவெளியில் எழுதி வெளியிடுங்கள். நாளைக்கு இன்னொருவர் அதையே கிளெய்மாக எழுதினால் உங்கள் கட்டுரையே அதற்கு முன்பே வெளியான ஆதாரம். வாங்கும் எண்ணம் உள்ளதை விண்ணப்பம் போடும்வரை வாயே திறக்காதீர்கள். கண்காட்சியில் காட்டிவிட்டு விண்ணப்பித்துப் புதுமையை இழப்பது வழக்கமாக நடப்பது. பதிவு செய்த ஸ்டார்ட்அப்புகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் கட்டணம் பெரிய கம்பெனிகள் கட்டுவதில் ஐந்தில் ஒரு பங்குதான். ஸ்டார்ட்அப்புகளுக்கு விண்ணப்பம் எழுதித் தரும் முகவர் கூலியை அரசே ஏற்கும் திட்டமும் இருக்கிறது.

வெளிநாட்டிலும் விண்ணப்பிப்பதாக இருந்தால், இந்தியாவில் போட்டு 6 வாரம் காத்திருங்கள், அல்லது 39-ஆம் பிரிவுப்படி முன் அனுமதி வாங்குங்கள். இதை மறந்துவிட்டு நேராக அமெரிக்காவில் போட்டால் இங்கே போட்ட விண்ணப்பமே கைவிடப்பட்டதாகிவிடும், அபராதமும் சிறையும்கூடச் சட்டத்தில் இருக்கிறது. மூன்றாவது வேலை மாதம் ஒரு முறை, அரை மணி நேரம்: இன்பாஸில் பேச்சறிதல் தொடர்பாகப் புதிதாக வெளியான விண்ணப்பங்களைப் பார்ப்பது. உங்கள் ஆப்பைத் தொடுவது போல ஒன்று கண்ணில் பட்டால், அது வழங்கப்படுவதற்கு முன்பே 25(1) எதிர்ப்பைப் போட்டுவிடலாம்.